விழப்போகிற பல்தானே?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்கிறோம். பேரருவியில் இடமில்லையென்றால் ஐந்தருவி, அங்கும் நெரிசல் என்றால் பழைய குற்றாலம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, மூன்று வயதுப் பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைகிறோம். மூலிகை வேர்களைத் தொட்டு வருகிற தண்ணீராம். மேலே பட்டால் நோய் அண்டாதாம். தாராளமாகக் குளியுங்கள். அருவியில் குளிப்பது இன்பம், அந்த இன்பத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. ஆனால் ஒரு கேள்வி. பிள்ளையின் ஆரோக்கியத்துக்காக நூற்றைம்பது கிலோமீட்டர் வரத் துணிந்த நீங்கள், நேற்றிரவு அது தூங்கும் முன் அதன் வாயைத் திறந்து பார்த்தீர்களா?

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தைப்பல் இருந்தது. பன்னிரண்டு வயதில் அது 53.8 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, பால் பல்லில் சொத்தையோடு வாழும் குழந்தைகள் உலகெங்கும் 51 கோடிக்கும் மேல் என்றது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றைப் பிடிக்கிற நோயை நாம் நோய் என்றுகூடச் சொல்வதில்லை. ‘சின்னப் பிள்ளைன்னா பல்லு அப்படித்தான் இருக்கும்’ என்கிறோம். யார் சொன்னது? எந்தப் பிள்ளை சொத்தையோடு பிறந்தது?

சொத்தையில் தலையெழுத்துக்கு வேலையில்லை. பெர்லினில் பணியாற்றிய வில்லோபி மில்லர் என்ற பல் மருத்துவர் 1890இலேயே அடிப்படையை விளக்கிவிட்டார். வாயில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சீனியையும் மாவுப் பண்டங்களையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. வாயின் அமில அளவு பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் கரைப்பு தொடங்குகிறது. சிறிது நேரத்தில் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவில் ஒரு பகுதியைத் திருப்பியும் சேர்க்கிறது. எச்சிலுக்கு அவகாசம் கொடுத்தால் பல் பிழைக்கும். அரைமணிக்கு ஒரு மிட்டாய் என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் தோற்கும். அவ்வளவுதான் கணக்கு. இதில் கடவுள் எங்கே வருகிறார், கிரகம் எங்கே வருகிறது?

ஆனால் நாம் விளக்கத்தை விட்டுவிட்டுப் புழுவைப் பிடித்துக்கொண்டோம். பல்லுக்குள் புழு இருக்கிறது என்று பாபிலோனியர் நம்பினார்கள், மந்திரம் ஓதினார்கள். 1728இல் பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் அப்படி எந்தப் புழுவும் இல்லை என்று எழுதினார். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குப் புகை பிடித்தால் புழு உதிரும் என்பதை இன்னும் நம்மூரில் கைவைத்தியமாகச் சொல்லக் கேட்கலாம். வெள்ளையாக எதையோ எடுத்துக் காட்டிப் புழு என்பவரிடம் காசையும் கொடுக்கிறோம். புழு என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்தது. நாம் கொடுத்ததால் வந்ததில்லை. குற்றம் புழுவுடையது என்றால் நாம் தப்பித்தோம், இல்லையா?

இதைவிட வசதியான இன்னொரு சாக்கு நம்மிடம் உண்டு. ‘பால் பல்லுதானே, விழுந்து முளைக்கத்தானே போகுது.’ தென்காசியிலும் செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும், ஏன், சென்னையிலும் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் வாக்கியம் இது. இதை உடைத்துப் பார்ப்போம். பால் பற்கள் இருபது. ஆறு மாதம் வாக்கில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வேலை செய்தாக வேண்டும். நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப்பல்லோடு ஒரு பிள்ளை இன்னும் ஆறேழு வருஷம் சாப்பிட வேண்டும். அந்தப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லையும் அது பாதிக்கலாம். காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணி முளைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதில் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. வரிசையின் கடைசியில், சத்தமில்லாமல் தானாக வருகிறது. அதனால் பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அறுபது வருஷம் உழைக்க வேண்டிய பல் ஒன்றாம் வகுப்பிலேயே கெடத் தொடங்குகிறது. ‘விழுந்து முளைக்கும்’ என்று நீங்கள் காத்திருக்கும் அந்தப் பல் விழுந்தால் முளைக்காது. இது உங்களுக்குத் தெரியுமா?

மறுபிறவி இருக்கிறது என்று நம்பி இந்தப் பிறவியின் அநியாயங்களைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறவரை நாம் எதிர்த்துப் பேசுகிறோம். மறுபல் இருக்கிறது என்று நம்பி இந்தப் பல்லின் வலியைச் சகித்துக்கொள்ளச் சொல்வதும் அதே தத்துவம்தான். பல் தற்காலிகம் என்பதற்காக வலி பொய்யாகிவிடுமா? விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டின்மேல் எறிய நமக்கு நேரம் இருக்கிறது. கண்டியில் புத்தரின் பல் என்று ஒன்றைத் தங்கப் பேழைக்குள் வைத்து, ஆண்டுதோறும் யானை ஊர்வலம் நடத்துகிறார்கள். விழுந்த பல்லுக்கும் இறந்தவர் பல்லுக்கும் கிடைக்கிற மரியாதை, உயிரோடிருக்கும் பிள்ளையின் வாயிலுள்ள பல்லுக்கு ஏன் கிடைப்பதில்லை?

சரி, சீனி பிள்ளைக்கு எப்போது அறிமுகமாகிறது? கடைத்தெருவிலா? இல்லை. தெற்குச் சீமையில் பல வீடுகளில் பிறந்த அன்றே ‘சேனை’ வைக்கிறார்கள். சீனித் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். குணம் வந்ததை யாரும் நிரூபித்ததில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்யுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும் என்பதை மருத்துவம் நிரூபித்திருக்கிறது. முதல் நாளே தாய்ப்பாலுக்கு முன்னால் இனிப்பை நீட்டும் சமூகம், பிற்பாடு ‘எம்புள்ள மிட்டாய் இல்லாம இருக்க மாட்டேங்குது’ என்று புலம்ப என்ன நியாயம் இருக்கிறது?

அன்பென்றால் இனிப்பு. ஊரிலிருந்து மாமா வந்தால் பிஸ்கட் பாக்கெட். அழுகையை நிறுத்த மிட்டாய். மழலையர் வகுப்பில் பிறந்தநாள் சாக்லேட். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய். குற்றாலத்தில் குளித்துக் கரையேறியதும் பஞ்சுமிட்டாய், திரும்பும் வழியில் அல்வா. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் பாவமில்லை. மொத்தமாகப் பார்த்தால் ஒரு பிள்ளையின் வாய்க்கு ஓய்வே இல்லை. ‘நாங்க வெள்ளைச் சீனி குடுக்கிறதில்ல, கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும்தான்’ என்று பெருமை பேசுவோர் கவனிக்கட்டும்: பாக்டீரியாவுக்குப் பாரம்பரியம் தெரியாது. கருப்பட்டி, தேன், கோயில் பஞ்சாமிர்தம் எல்லாம் அதற்கு ஒரே தீனிதான்.

எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஸ்வீடனில் லுண்ட் நகரத்து விபெஹோல்ம் காப்பகத்தில் 1945இல் தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்து, பல் கெடுவதைக் கணக்கெடுத்தார்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்கள் அவர்கள். சாப்பாட்டோடு தின்ற இனிப்பு அதிகம் கெடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே தின்ற ஒட்டும் இனிப்பு பற்களை நாசமாக்கியது. அறிவியல் வெட்கப்பட வேண்டிய ஆய்வு. ஆனால் அந்த மனிதர்களின் வாயை அழித்துப் பெற்ற அறிவு இன்று நம் கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும், சம்மதம் சொல்லத் தெரியாத நம் பிள்ளைகளிடம் அதே சோதனையை வீட்டுக்கு வீடு நடத்திக்கொண்டிருக்கிறோமே, நம்மை யார் விசாரிப்பது?

‘அந்தக் காலத்துல ஆலங்குச்சி, வேலங்குச்சி வச்சே பல்லு தேய்ச்சாங்க, கெட்டா போச்சு?’ இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வரட்டும். அந்தக் காலத்துப் பிள்ளைக்குத் தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய்க்கு கிரீம் பிஸ்கட் கிடைத்ததா? பாட்டில் பாலில் சீனி கலந்து வாயில் வைத்துத் தூங்கவைத்தார்களா? சாப்பாடு மாறிவிட்டது, பாதுகாப்பு மட்டும் பழையது போதும் என்பது என்ன தர்க்கம்? குச்சியைக் குறை சொல்லவில்லை. பெரியவர் பொறுமையாகத் தேய்த்தால் அழுக்கு போகும். நான்கு வயதுப் பிள்ளை குச்சியால் கடைவாயைத் தேய்க்குமா? சாம்பலும் செங்கல் தூளும் உமிக்கரியும் பல்லை வெளுக்க வைப்பதுபோல் காட்டி எனாமலை அராவும். ‘மூலிகை’ என்று எழுதி ஒட்டினால் பல்பொடி மருந்தாகிவிடாது. புகையிலை கலந்த பல்பொடிகள் இந்த நாட்டில் தாராளமாக விற்றன. 1992இல் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. பழையது என்பதாலோ இயற்கை என்பதாலோ ஒரு பொருள் நல்லதாகிவிட்டால், புகையிலையைவிட இயற்கையான இலை எது?

பழக்கத்தின் பெயரால் நடக்கும் இன்னும் கொடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பல் முளைக்கும் வயதில் குழந்தைக்குக் கடும் காய்ச்சலோ பேதியோ வந்தால், ‘பல் முளைக்குது, அதான்’ என்று சும்மா இருந்துவிடுகிறோம். பல் முளைப்பதால் ஈறு ஊறும், எச்சில் வடியும், குழந்தை சிணுங்கும். பேதியும் உயர்ந்த காய்ச்சலும் அதனால் வருவதில்லை. தரையில் கிடந்ததை வாயில் வைக்கிற வயது அது, தொற்றுதான் காரணம். உப்பு–சீனிக் கரைசல் கொடுத்து மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரத்தில் பல்லின் மேல் பழி போட்டு உட்கார்ந்திருந்தால், வறண்டு போவது குழந்தையின் உயிர். இதற்கு நடுவில் மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று பரிகாரம் வேறு. மாமன் நன்றாகத்தான் இருக்கிறான். மருமகனைக் கவனியுங்கள்.

வலியின் கணக்கை எந்தச் சட்டமன்றத்திலும் யாரும் கேட்பதில்லை. பல்வலி ராத்திரியில்தான் கூடும். தூங்காத பிள்ளை காலையில் வகுப்பில் சாய்கிறது. மென்று தின்ன முடியாததால் கஞ்சி, பிஸ்கட் என்று ஒதுங்குகிறது, எடை ஏறுவதில்லை. கறுத்த முன்பற்களைப் பார்த்து மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகுகிறது. ஐந்து வயதில் தன் முகத்துக்குத் தானே வெட்கப்படக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சுயமரியாதையைப் பிறகு எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து கற்றுக்கொடுப்பீர்கள்?

இந்த இடத்தில் எல்லோரும் ஒரே பக்கம் விரல் நீட்டுவார்கள்: அம்மா பார்த்துக்கொள்ளவில்லை. நிறுத்துங்கள். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், கீழப்பாவூர் வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் பெண்கள் மடியில் சுளகோடு பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியுமா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடிக் கடையில் கணக்கு ஒப்படைக்கும்வரை கை ஓயாது. அழுகிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு பன்னை நீட்டுகிறாள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அதே வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து செல்பேசி பார்க்கும் தகப்பனுக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறோமே, இது என்ன நீதி? பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆண்மை குறைந்துவிடாது.

வீட்டோடு பொறுப்பு முடியவில்லை. பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் பட்டியலில் சொத்தைப்பல்லும் இருக்கிறது. அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்பது விதி. தமிழக அரசு 2023இல் ‘புன்னகை’ என்ற பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டத்தையும் தொடங்கியது. உங்கள் தெரு அங்கன்வாடிக்கு அந்தக் குழு கடைசியாக எப்போது வந்தது? கேட்டிருக்கிறீர்களா? கோயில் கொடைக்கு வரி வசூலிக்க வீடு வீடாகப் போகும் நாம், இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போவதில்லை. 2017 முதல் 2025 செப்டம்பர் வரை பற்பசைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டினோம்; அதன் பிறகுதான் 5 ஆனது. இத்தனை வருஷம் யாராவது சத்தம் போட்டோமா?

செய்து காட்டிய நாடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தின் கீழ் மழலையர் பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியர் மேற்பார்வையில் தினமும் பல் தேய்க்கிறார்கள். அதற்கான செலவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலான சிகிச்சைச் செலவு திட்டத்தின் எட்டாம் ஆண்டில் மிச்சமானது என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம்மிடம் என்ன இல்லை? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. தட்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிரஷ்ஷும் பட்டாணி அளவு பற்பசையும் அதோடு சேர்ந்தால் கஜானா காலியாகிவிடுமா?

பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? முதலில் பயமுறுத்துவதை விடுங்கள். ‘பல் தேய்க்கலைன்னா சாமி கண்ணைக் குத்தும்’, ‘டாக்டர்கிட்டக் கூட்டிப்போய் ஊசி போடுவேன்’. இவற்றால் பிள்ளை கற்பது இரண்டு: யாரும் பார்க்காவிட்டால் தேய்க்க வேண்டாம், மருத்துவர் எதிரி. அதற்குப் பதில் காரணத்தைக் காட்டுங்கள். ஒரு கோழிமுட்டையை எலுமிச்சைச் சாற்றில் போட்டு ஒரு நாள் வையுங்கள். குமிழி விட்டு ஓடு மெலிந்து இளகுவதைப் பிள்ளையே தொட்டுப் பார்க்கட்டும். முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருள் இல்லை. அமிலம் செய்கிற வேலை ஒன்றுதான். ‘நம்பு’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கும் ‘பார்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பல்லோடு நிற்காது.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முதல் பல் தெரிந்த நாளிலிருந்து தேய்க்க வேண்டும். மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசை போதும். ஃப்ளோரைடு விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே விழுங்காதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் குடிநீரில் அளவு மிஞ்சிய ஃப்ளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது உண்மை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. அளவு மிஞ்சினால் கெடுக்கும், அளவோடு பூசித் துப்பினால் காக்கும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். தேய்த்தபின் துப்பினால் போதும். குடம் தண்ணீரில் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டாம். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் தேய்க்க வேண்டும். பிள்ளையின் விரலுக்கு அந்த லாகவம் வருவதில்லை. காலையைவிட இரவு முக்கியம், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைகிறது. இரவு தேய்த்தபின் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். நாள் முழுக்கக் கொறிக்க விடாதீர்கள்.

வானத்திலிருந்து யாரும் இதைக் கட்டளையிடவில்லை. செய்யாவிட்டால் நரகமும் இல்லை. தண்டனை உங்களுக்கு வராது என்பதுதான் இதிலுள்ள அறச்சிக்கல். நீங்கள் செய்யத் தவறியதற்கு வலியை அனுபவிப்பது, எதையும் தேர்ந்தெடுக்க முடியாத ஒரு பிள்ளை. தெரியாமல் செய்தால் அறியாமை. இதுவரை படித்துவிட்டீர்கள், இனி அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. இன்றிரவு பிள்ளையை மடியில் சாய்த்து, வெளிச்சத்தில் வாயைத் திறந்து கடைவாய்வரை பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் நாளைக்கே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தெரியாவிட்டால் பிரஷ்ஷை எடுங்கள்.